கேள்வித்தாளை அச்சடிக்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்

போன மாதம் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து இளம் டாக்டர் ஒருவர் போன் செய்தார். ராமேஸ்வரம் பக்கம் இருக்கிற மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலும் பக்கத்து மீனவ கிராமங்களிலும் பிரஷர், சுகர், மனச்சோர்வு மூன்றையும் சேர்த்து ஆய்வு செய்யப் போகிறார்கள். கையில் ஒன்றரை வருடம் இருக்கிறது, பணம் அளவோடுதான். "மக்களையும் பங்காளியாச் சேர்த்துக்கிட்டுச் செய்யணும்னு சார் சொல்றாங்க அக்கா. எப்படிச் சேர்க்கிறதுன்னுதான் தெரியல" என்றார். போனில் சொல்லித் தீராது தம்பி, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்தக் கடற்கரைக்கு ஆய்வு என்று வருகிற எல்லோரும் என்றாவது ஒரு நாள் இந்த முடிவை எடுத்தாக வேண்டும்.

நான் இந்த முகாமில் பிறந்தவள். 1990-இல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது மன்னாரிலிருந்து படகேறி வந்தது அம்மாவின் குடும்பம். நான் படித்தது சமூகப்பணி. ஆய்வுக்காரர்களோடு பல விதமாகப் பழகியிருக்கிறேன். பள்ளிக்கூட வயதில் பதில் சொல்கிறவளாக இருந்தேன். பிறகு படிவம் நிரப்பும் களப்பணியாளர் ஆனேன். அதன்பின் ஓர் ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்தேன். கேள்வியையே கூடி உருவாக்கும் வாய்ப்பு ஒரே ஒரு முறைதான் கிடைத்தது. என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது போகப்போகத் தெரியும், மறைக்கவில்லை.

மண்டபம் கேம்ப் என்ற பெயர் எங்களால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளைக்காரர் காலத்திலேயே இது கேம்ப்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளரை நிறுத்தி வைத்து, பிளேக், காலரா இருக்கிறதா என்று சோதித்து, அதற்குப் பிறகே கடல் தாண்ட விட்டார்கள். அதை நடத்தியது இலங்கை அரசு. 1914-இல் பாம்பன் பாலம் வந்து தனுஷ்கோடி வரை ரயில் ஓடியபின் அக்கரைக்குப் போகும் பெருவழி இதுவே ஆனது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் இந்த வழியாகத் திரும்பி வந்தார்கள். 1983-க்குப் பிறகு நாங்கள் வந்தோம். 2022-இல் அங்கே பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களையும் இங்கேதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். நூறு வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் வந்தவர் போனவர் உடம்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று அந்த உடம்புக்காரரைக் கேட்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

டாக்டர் தம்பியின் முன் இருக்கிற வழிகளில் முதலாவது, பலரும் இன்றும் செய்வது. முகாம் தலைவரிடம் சொல்லி ஆட்களைத் திரட்டி, உட்கார வைத்து, கேட்டு, எழுதிக்கொண்டு போவது. நாலு நாளில் முடியும், செலவும் இல்லை. இதைப் பங்காண்மை என்று யாரும் சொல்வதில்லை என்பதால் அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒன்றைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்கிய ஒரு பெரியம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "பிள்ளை, இதில கையெழுத்துப் போடாட்டி காசு நிப்பாட்டுவாங்களோ?" மாதாமாதம் வரும் உதவித்தொகையைத்தான் சொன்னார். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று வருகிற பணம் அது. படிவத்தில் 'விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம்' என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. ஆனால் அவர் வாழ்க்கையில் கையெழுத்து என்பது அதிகாரிகள் வந்து முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் அன்று போடுவது, பதிவேட்டில் போடுவது. போடாமல் விலகலாம் என்கிற கையெழுத்தை அவர் பார்த்ததே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் அகதிகளையும் இடம்பெயர்ந்தவர்களையும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பட்டியலில் வைத்திருக்கின்றன. சரியான காரியம். ஆனால் இந்த ஒரு சொல்லைக் காட்டியே 'பாவம், அவங்களை ஏன் கமிட்டிக்கெல்லாம் இழுக்கணும்' என்று ஒதுக்கிவிடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். பாதுகாப்பு வேறு, ஒதுக்கி வைப்பது வேறு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்களுக்கு இடமில்லை. 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. அதில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனாலும் காலடியில் இருக்கிற தரை என்னவென்று எங்களுக்குத் தெரியும். எங்களைச் சேர்க்கும் எந்த முறையும் அந்தத் தரைமேல்தான் நிற்க வேண்டும்.

இரண்டாவது வழி ஆலோசனைக் குழு. முகாமில் ஏழெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூட்டி, ஆய்வைப் பற்றிச் சொல்லி, கருத்துக் கேட்பது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்குப் பிடித்த முறை, எழுதிக் காட்டவும் எளிது. நான் இருந்த குழுவில் தலைவரும் ஒரு வாத்தியாரும் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு மூன்று அண்ணன்மாரும் இருந்தார்கள், பெண் நான் ஒருத்தி. கூட்டம் வேலைநாளில் பகல் பதினோரு மணிக்கு. எங்கள் ஆண்களில் எத்தனையோ பேர் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள், விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். யாருக்குப் பிரஷர் மாத்திரை விட்டுப்போகிறதோ அவர் அந்த நேரத்தில் ஏதோ ஓர் ஊரில் சாரத்தின் மேல் நிற்கிறார். அவரைப் பற்றி நாங்கள் வடை தின்றபடி பேசினோம்.

அந்தக் குழுவில் நடந்த ஒன்றை விவரமாகச் சொல்ல வேண்டும், என் முடிவுக்கே அதுதான் அடிப்படை. கேள்வித்தாள் முன்னமே அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்திருந்தது. மனச்சோர்வுப் பகுதியில் 'கடந்த 2 வாரங்களில் உங்களுக்கு எவ்வளவு நாள் வருத்தம் இருந்தது?' என்று ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் வருத்தம் என்றால் மனசுக்குக் கஷ்டம். எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். சீனி வருத்தம் என்றால் சுகர். முன்னோட்டமாக ஓர் ஆச்சியிடம் கேட்டபோது, "ஓம் பிள்ளை, முழங்கால் வருத்தம் கிடக்கு, சீனி வருத்தமும் கிடக்கு, ஒவ்வொரு நாளும்தான்" என்றார். கேட்ட தங்கச்சி 'கிட்டத்தட்ட எல்லா நாளும்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். முழங்கால் வலி மனச்சோர்வாகப் பதிவாயிற்று.

அதைவிட முக்கியம், அந்தத் தாளில் இல்லாமல் போன சொல். எங்கள் பெரியவர்கள் மனம் நொந்திருப்பதை யோசனை என்பார்கள். 'ராவு முழுக்க ஒரே யோசனை' என்றால் அந்த மனுசி உறங்கவில்லை, எதையோ நினைத்து நினைத்து உள்ளுக்குள் கரைகிறாள் என்று அர்த்தம். 'யோசிக்காத' என்றால் கவலைப்படாதே. இந்தப் பக்கத்துத் தமிழில் யோசிப்பது புத்திசாலித்தனம். தாளில் யோசனை என்ற சொல்லே கிடையாது. தலையிடி, சத்தி, தொய்வு போன்றவற்றுக்கு ஒரு சொற்பட்டியல் போட்டுச் சமாளித்துவிடலாம். தலைவலி, வாந்தி, இழுப்பு என்று மாற்றிக்கொண்டால் போதும். வருத்தத்துக்கும் யோசனைக்கும் பட்டியல் உதவாது. இங்கேயே பிறந்த என் தலைமுறை ராமநாதபுரத்துப் பிள்ளைகள் மாதிரியே பேசுகிறது. எங்களுக்கு வருத்தம் இரண்டு அர்த்தத்திலும் புரியும், யார் கேட்கிறார் என்பதைப் பார்த்து மாற்றிக்கொள்வோம். ஆகவே யாரிடம் எந்தச் சொல்லில் கேட்பது என்பதை வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள் கூட இருந்துதான் தீர்மானிக்க முடியும். நான் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். "அச்சாயிடுச்சும்மா, அடுத்த ஸ்டடியில மாத்திக்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த ஆய்வு வரவில்லை.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படியுள்ள ஏணியாக வகுத்தார். கருத்துக் கேட்பது அதில் நாலாம் படி, பங்காண்மை ஆறாம் படி. எனக்கு அந்த ஏணி பிடிக்கும், எங்கள் கூட்டம் எந்தப் படியில் நின்றது என்று அதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் அது எங்களுக்குப் பொருந்தவில்லை. மேலே ஏற ஏற நல்லது என்று அந்த ஏணி சொல்கிறது. முகாமில் மேலே ஏற ஏற ஆள் கண்ணில் படுவார். ஆய்வறிக்கையில் பெயர் போடுவது உங்கள் ஊரில் பெருமை. குடியுரிமை தீராத ஒருவருக்கு, முகாமில் இது சரியில்லை அது சரியில்லை என்று சொல்கிற அறிக்கையின் கீழ் தன் பெயர் வருவதை நினைத்தாலே வயிறு கலங்கும். பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவரவர் சொல்லட்டும். கடைசி நாள் வரைக்கும் மாற்றிச் சொல்லவும் இடம் இருக்கட்டும்.

மூன்றாவது, முகாம் ஆட்களையே சம்பளத்துக்குக் களப்பணியாளராக எடுப்பது. உண்மையான போட்டி இதற்கும் நாலாவதற்கும் இடையில்தான். இதன் பலம் பெரியது. வீட்டுக் கதவு திறக்கும், மொழி பிரச்சினையில்லை, முகாமில் நாலு வீட்டில் அடுப்பெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது மகளிர் குழுப் பெண்களே வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சுகரும் பார்த்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி பட்டையைக் கையில் சுற்றி அளந்துவிடுவாள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

ஆனால் அளப்பது ஒன்று, கேட்பது இன்னொன்று. பிரஷர் 160 என்பதைப் பக்கத்து வீட்டுக்காரி அறிந்தால் உப்பைக் குறை என்பாள், அவ்வளவுதான். நான் களப்பணியாளராக இருந்தபோது எங்கள் லைனிலேயே இருந்த ஓர் அக்காவிடம் மனச்சோர்வுக் கேள்விகளைக் கேட்டேன். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும், அதனால் அவர் மெல்லிய குரலில் பேசினார். புருசனைப் பற்றி, குடியைப் பற்றி, ஒரு நாள் கடற்கரைப் பக்கம் நடந்து போனதைப் பற்றிச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் தொடங்கிப் பல மாதம் அவர் குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை நிரப்பாமலேயே திரும்பிப் போவார். எனக்குத் தெரியும் என்பதே அவருக்குப் பாரம். அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றியது என் சம்பளம். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

வேற்று முகாம் ஆட்களை வைத்துக் கேட்கலாமே என்பார்கள். ஆனையூரிலிருந்தோ உச்சப்பட்டியிலிருந்தோ ஒருத்தி இங்கே வந்து தங்கிக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு முகாமிலும் அனுமதி, தங்க இடம், வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் என்று எல்லாம் வேண்டும். பெரிய ஆய்வுக்கு அது சரிப்படும். ஒன்றரை வருட ஆய்வுக்கு எளிய வழி, தன் லைனில் தானே கேட்கக் கூடாது என்று ஒரு விதி வைப்பது. மண்டபம் பெரிய முகாம், அதற்கு இடமிருக்கிறது. கூலி விஷயத்திலும் ஒன்று. ஒரு நாள் பெயின்ட் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். 'உங்க மக்களுக்காகத்தானே' என்று சொல்லிக் குறைக்காதீர்கள். உங்கள் பேராசிரியரும் மக்களுக்காகத்தான் வேலை செய்கிறார், அவர் சம்பளத்தை யாரும் குறைப்பதில்லை.

சம்பளம் சரியாகக் கொடுத்தாலும் இந்த முறையில் ஒரு குறை நிற்கும். கேள்வி உங்களுடையது, கால் மட்டும் எங்களுடையது.

நாலாவது வழியில் கேள்வியும் பொதுவாகிறது. ஒரு முறை ஒரு சிறிய குழுவோடு இதைச் செய்தோம். அவர்களும் முகாமில் எத்தனை பேருக்குப் பிரஷர் என்று எண்ணத்தான் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பத்துப் பேர் கூடிப் பேசினோம். இரண்டாம் வாரத்தில் ஒரு அண்ணன் சொன்னார்: பிரஷர் இருக்கெண்டு எனக்குத் தெரியும், நீங்கள் எண்ணிச் சொல்லத் தேவையில்லை, மாத்திரை ஏன் விட்டுப்போகுதெண்டு கேளுங்கோ. மாத்திரை தரும் நாளில் அவர் வெளியூரில் வேலையில் இருப்பார். மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. வேலையிடத்தில் மாத்திரை போடுவதைப் பார்த்தால் மேஸ்திரி சாரத்தில் ஏற்ற மாட்டார் என்று ஒளித்து வைப்பார். ஆய்வு அந்தப் பக்கம் திரும்பியது. எந்தக் களப்பணியாளரும் அந்தத் திருப்பத்தைச் செய்திருக்க முடியாது, படிவத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை.

இன்னும் இரண்டு நடந்தது. எல்லோரும் முகாமில் இருக்கும் நாள் செக்கிங் நாள்தான், அன்றைக்கே பேட்டி எடுத்துவிடலாம் என்று குழுவினர் நினைத்தார்கள். கணக்குப்படி அது சரி. அன்றைக்கு அதிகாரிகளும் போலீசும் நிற்பார்கள், வாய் திறக்கமாட்டோம் என்று எங்களவர்கள் மறுத்தார்கள். மற்றது, மனச்சோர்வுத் தாளின் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்பது. அதைப் படித்துக் காட்டியதும் ஒரு அம்மா நிமிர்ந்து கேட்டார்: "அதுக்கு ஓம் எண்டு ஒராள் சொன்னா என்ன செய்வீங்கள்? நீங்கள் ஆறு மணி பஸ்ஸில போயிடுவீங்கள். அண்டைக்கு ராவு அவவோட ஆர் இருக்கிறது?" அறையில் யாருக்கும் பதில் இல்லை. அதன் பிறகுதான் 104 உதவி எண்ணைத் தாண்டி, அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் யார் கூட்டிப்போவது, அந்த இரவு யார் வீட்டில் யார் தங்குவது என்று பெயர் பெயராக எழுதினோம்.

செலவும் சொல்ல வேண்டும். பேசவே மூன்று நாலு மாதம் போகும். நெறிமுறைக் குழு கேள்வித்தாளைப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கும், அனுமதி வந்தபிறகுதான் பணம் வரும். மக்களோடு கேள்வி உருவாக்குகிற மாதங்களுக்குப் பணமே இருக்காது. நல்ல எண்ணமுள்ளவர்கள்கூட ஆலோசனைக் குழுவோடு நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த முடிச்சுதான். அவிழ்க்கலாம். கேள்வி உருவாக்கும் கூட்டங்களுக்கு மட்டும் முதலில் அனுமதி கேளுங்கள், கேள்வித்தாளைப் பிறகு திருத்தமாகச் சமர்ப்பியுங்கள்.

இதையே எல்லா இடத்துக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கட்டுமான வேலைக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் வடக்கிலிருந்து வருகிறவர்கள் சில மாதத்தில் வேறு ஊர் போய்விடுவார்கள். அவர்களை ஒன்றரை வருடக் குழுவில் உட்கார வைக்க முடியாது. அவர்கள் மொழி பேசும் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, ஒப்பந்தக்காரர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் இரண்டு மூன்று தடவை பேசுவதே அங்கே நேர்மையானது. மீனவ கிராமத்தில் சங்கதி வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், ஆள் கிடைப்பது சுலபம். ஆனால் கடன் கழுத்தை நெரிக்கும் மாதங்களும் அவைதான். அப்போது மனச்சோர்வு எவ்வளவு என்று கேட்டால் தடைக்காலத்தைத்தான் அளந்துகொண்டு போவீர்கள். பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் கேளுங்கள், எந்த மாதத்தில் வரலாம் என்று அவர்கள் சொல்வார்கள்.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது. ஆலோசனைக் குழு வேண்டாம். அதற்கு வைத்திருக்கும் பணத்தையும் முதல் மூன்று மாதத்தையும் கேள்வி உருவாக்குவதில் போடுங்கள். பத்துப் பேர் இருக்கட்டும், பாதிக்கு மேல் பெண்கள், வந்து உட்காரும் நேரத்துக்குக் கூலி. பிரஷர், சுகர் அளப்பதை முகாம் பெண்களே செய்யட்டும். மனம் சம்பந்தப்பட்ட கேள்வியை அடுத்த லைன் ஆள் கேட்கட்டும். பெயர்ப்பட்டியலை எந்த அலுவலகம் கேட்டாலும் தரமாட்டோம் என்று எழுதி முதலிலேயே அனுமதி வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பெயரே எழுதாதீர்கள். கண்டுபிடித்ததைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் முகாமில் வாசித்துக் காட்டுங்கள். 'முகாமில் இத்தனை பேருக்குத் தற்கொலை எண்ணம்' என்று ஒரு வரி வெளியே போனால் எங்கள் பெண் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் அது வந்து நிற்கும். அந்த வரியை எப்படி எழுதலாம் என்று அவர்களே சொல்லுவார்கள். இத்தனைக்கும் நேரமில்லை என்றால் மூன்றாவது முறையைச் செய்யுங்கள், ஆனால் பங்காளிகள் என்று எங்கும் எழுதாதீர்கள். களப்பணியாளர் என்று எழுதுவதில் குறைவொன்றும் இல்லை.

நேற்று அவர் மறுபடி போன் செய்தார். சார் ஒத்துக்கொண்டுவிட்டாராம், முதல் கூட்டத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள் என்றேன், அப்போதுதான் வேலைக்குப் போனவர்களும் இருப்பார்கள். கேள்விகளை டைப் செய்ய வேண்டாம். ஒரு நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு, அழிக்க ரப்பரும் எடுத்து வாருங்கள் தம்பி.